அட்டையில்லாத அம்புலிமாமா தொகுப்பு, ‘முதல் பதிப்பு’ லேடிபேர்டு: பணம் அனுப்புமுன் எதைப் பார்க்க வேண்டும்?

லயத்துவீட்டுக்காரி (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். என் அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். சம்பளத்துக்கு மறுநாள் சைக்கிளில் பட்டணத்துக்குப் போய், மளிகைச் சாமான்களோடு அம்புலிமாமா ஒன்றையும் வாங்கிவருவது அவருடைய வழக்கம். ஆண்டு முடிந்ததும் பன்னிரண்டு இதழ்களையும் அடுக்கி, கோணி ஊசியால் துளையிட்டுத் தைத்து, சிமெண்டுப் பையின் தாளை மேலட்டையாக ஒட்டி, அதன்மேல் ஆண்டை எழுதிவைப்பார். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்ன 1994-இல், அந்தக் கட்டுகள் அத்தனையும் ‘சுராட் கபார் லாமா’ என்று கூவி வரும் பழைய பேப்பர்க்காரரின் லாரியில் ஏறிப் போய்விட்டன. எடைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதுகூட நினைவில் இல்லை.

இப்போது பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், கையில் கொஞ்சம் பணமும் நேரமும் இருக்கின்றன. ஆகவே அந்த நூல்களை இணையத்தில் தேடத் தொடங்கியிருக்கிறேன். ஒரு விற்பனைத் தளத்தில் ஜொகூர்க்காரர் ஒருவர் இரண்டு பொருள்களைப் போட்டிருக்கிறார். ஒன்று, பைண்டு செய்த அம்புலிமாமா தொகுப்பு. பன்னிரண்டு இதழ்கள் இருக்கின்றன, ஒன்றுக்கும் அட்டையில்லை. 1958ஆம் ஆண்டு இதழ்கள் என்று சொல்லி 480 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். மற்றொன்று, பீட்டர், ஜேன் என்ற பிள்ளைகள் வரும் லேடிபேர்டு ஆங்கில வாசிப்பு நூல்கள். 36 நூல்கள் கொண்ட வரிசையில் 31 தம்மிடம் இருப்பதாகவும், எல்லாம் 1964ஆம் ஆண்டு முதல் பதிப்பு என்றும் சொல்லி 650 வெள்ளி கேட்கிறார். படங்கள் மூன்றே மூன்று போட்டிருக்கிறார், மூன்றும் தூரத்திலிருந்து எடுத்தவை. தளத்தின் வழியாகப் பணம் கட்டினால் கழிவு பிடிப்பார்கள் என்பதால், தம் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பினால் 50 வெள்ளி குறைத்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறார்.

சென்ற ஆண்டு வேறொருவரிடம் பழைய குழந்தைப் பாடல் நூல் ஒன்றை 90 வெள்ளிக்கு வாங்கி ஏமாந்தவள் நான் என்பதால்தான் இவ்வளவு தயக்கம். உறையைப் பிரித்தபோது உள்ளே இருந்தது ஒளிநகல். மேலட்டைக்கு மட்டும் பளபளப்பான தாளில் வண்ண நகல் எடுத்து ஒட்டியிருந்தார்கள். கேட்டதற்கு, “படிக்க முடிகிறதல்லவா?” என்று பதில் வந்தது. அட்டையும் தேதியும் இல்லாத ஒரு தொகுப்பின் ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘முதல் பதிப்பு’ என்ற சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம்? வாங்கியபின் இந்த ஈரக் காற்றில் எப்படிப் பாதுகாப்பது? அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

ஈயஎழுத்து (ஈப்போ)

தங்கச்சிக்கு வணக்கம். ஈப்போவில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் எழுத்துக் கோத்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அட்டை போனாலும் ஆண்டு போய்விடாது; அது உள்ளே நாலைந்து இடங்களில் ஒளிந்திருக்கும். விற்பவர் சொல்வதை ஒதுக்கிவைத்துவிட்டு, அச்சு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

முதலில் எழுத்தைப் பாருங்கள். ‘மலை’, ‘யானை’, ‘வேளை’ ஆகிய சொற்களில் வரும் லை, னை, ளை ஆகியவை யானைத் துதிக்கை போல மேலே வளைந்த பழைய வடிவத்தில் உள்ளனவா, அல்லது இன்று நாம் எழுதுவதுபோல் ஐகாரக் குறியைத் தனியாக முன்னால் போட்டு அச்சிட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். ணா, றா, னா ஆகியவற்றையும் பாருங்கள். பழைய வடிவில் அவை சுழித்து ஒரே எழுத்தாக நிற்கும், தனியாகக் கால் போட்டிருக்க மாட்டார்கள். பெரியார் 1930-களிலேயே தம் இதழ்களில் கையாண்ட சீர்திருத்த எழுத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978-இல்தான் ஆணையிட்டு ஏற்றது. மற்ற வார, மாத இதழ்கள் அதன்பிறகே ஒவ்வொன்றாக மாறின. ஆகவே 1958 என்று சொல்லும் கதை இதழில் இன்றைய ‘லை’ இருந்தால் அது 1958 அன்று. ஆனால் பழைய ‘லை’ இருப்பதாலேயே 1958 என்றும் ஆகிவிடாது. 1977-இலும் அதே எழுத்துத்தான். அந்த எழுத்துகளை அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டியிலிருந்து பொறுக்கிக் கோத்த கை இது. துதிக்கை ‘லை’க்கு எங்கள் பெட்டியில் தனி அறை உண்டு. சீர்திருத்தம் வந்தபின் அந்த அறையில் ஊசியும் நூலும் போட்டு வைத்திருந்தோம்.

அடுத்தது விலை. எங்காவது ஓர் இதழின் அட்டையோ உள்விளம்பரமோ தப்பியிருந்தால், அதில் காசை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்தியாவில் 1957 ஏப்ரல் 1-இல் பதின்மக் காசு முறை வந்தது. அதற்கு முந்தைய இதழ்களில் விலை அணாவில் இருக்கும். அதன்பின் 1964 வரை ‘நயா பைசா’, ‘ந.பை.’ என்று சுருக்கியும் அச்சிட்டிருப்பார்கள். 1964 ஜூனில் ‘நயா’ போய் வெறும் பைசா ஆயிற்று. உங்கள் விற்பனையாளர் சொல்வது 1958 என்றால், உள்ளே விளம்பரங்களில் நயா பைசா கண்ணில் பட வேண்டும்.

மூன்றாவது முகவரி. இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்தது. அம்புலிமாமா அலுவலகம் வடபழனியில் இருந்தது; ‘சென்னை-26’ என்று இருந்தது பிற்காலத்தில் ‘சென்னை-600 026’ ஆயிற்று. இதழின் முகவரியிலோ, பேனா, மிட்டாய் விளம்பரங்களின் அடியிலோ ஆறு இலக்கம் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த இதழ் 1972-க்குப் பிந்தியது. இல்லாவிட்டால் ஒன்றும் முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் பலர் வெகுகாலம் பழைய முறையிலேயே எழுதினார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. இதழின் கடைசிப் பக்கங்களில் இரண்டு புகைப்படங்களைப் போட்டு, அவற்றுக்குத் தலைப்பு எழுதி அனுப்பச் சொல்லும் போட்டியைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எந்தத் தேதிக்குள் தபால் அட்டை வந்து சேர வேண்டும், முடிவு எந்த மாத இதழில் வெளிவரும் என்பதை அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். பைண்டு செய்கிறவர்கள் அட்டையைக் கிழித்தாலும் இந்தப் பக்கத்தைக் கிழிப்பது குறைவு. விற்பவரிடம் வேறெதையும் கேட்காதீர்கள். பன்னிரண்டு இதழ்களிலும் அந்தப் போட்டிப் பக்கத்தை நேர் மேலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பன்னிரண்டும் ஒரே ஆண்டுதானா, இரண்டு மூன்று ஆண்டுகளின் உதிரிகளைச் சேர்த்துத் தைத்ததா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒளிநகலைப் பற்றியும் ஒரு சொல். செய்தித்தாள் வகைக் காகிதம் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பேறும். தையல் பக்கம் வெளுப்பாகவும் வெளி ஓரம் தேயிலைச் சாயமாகவும் இருப்பதே இயல்பு. பக்கம் முழுவதும் ஒரே நிறத்தில் இருந்தால் ஐயப்படுங்கள். ஒளிநகலின் மை தாளுக்கு மேலே படிந்து நிற்பதால், விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் எழுத்து மினுங்கும். ஈய எழுத்தில் அடித்த பழைய நூலாக இருந்தால், பக்கத்தின் பின்புறத்தில் விரலை ஓட்டினாலே எழுத்தின் அழுத்தம் தட்டுப்படும். இந்தச் சோதனை பொருள் கைக்கு வந்தபின்தான் முடியும். ஆகவே, திருப்பி அனுப்பும் உரிமை இல்லாமல் வாங்கவே கூடாது.

---

பழந்தாள் (கிள்ளான்)

ஈயஎழுத்து ஐயா சொன்னதற்கு மேல் தமிழ் இதழ் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் பதினைந்து ஆண்டுகளாக ஆங்கிலச் சிறுவர் நூல்களைச் சேர்ப்பவன். லேடிபேர்டு மட்டும் வீட்டில் நானூறுக்கு மேல் உண்டு. ஆகவே இரண்டாவது பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், அக்கா.

லேடிபேர்டில் பலரும் சறுக்கி விழும் இடம் ஆண்டுதான். முதலில் வெளிவந்த ஆண்டை அவர்கள் பிந்திய அச்சுகளிலும் அப்படியே விட்டுவைத்தார்கள்; இந்த அச்சு எப்போது வந்தது என்று பெரும்பாலும் குறிப்பதில்லை. பீட்டர்–ஜேன் வரிசை 1964-இல் தொடங்கியது என்பது உண்மை. ஆனால் உள்ளே 1964 என்று இருப்பதால் மட்டும் கையிலிருக்கும் பிரதி 1964-இல் அச்சானது என்று ஆகாது. உங்கள் விற்பனையாளர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எண்ணைப் பார்த்து அவரே நம்பியிருக்கலாம்.

உண்மையான வயது வேறு இடங்களில் இருக்கிறது. பிரிட்டனில் 1971 பிப்ரவரி 15-இல் ஷில்லிங் கணக்கு ஒழிந்து பதின்மக் காசு வந்தது. அதற்கு முன் வெகுகாலம் லேடிபேர்டு நூலின் விலை மாறாமல் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். அதை 2/6 என்று அச்சிடுவார்கள். புதிய பென்ஸில் மட்டும் விலை இருந்தால் அது 1964 ஆக முடியாது. பதிப்பாளர் பெயரையும் பாருங்கள்: லாஃப்பரோ நகரத்து ‘வில்ஸ் அண்ட் ஹெப்வர்த்’ என்ற அச்சகம்தான் 1971 வரை இவற்றை அந்தப் பெயரில் வெளியிட்டது, பிறகுதான் நிறுவனத்தின் பெயரே லேடிபேர்டு புக்ஸ் என்று மாறியது. 7214 என்ற எண்ணோடு கூடிய நூல் எண் அச்சிட்டிருந்தால் அதுவும் பிந்திய பிரதிக்கு அடையாளம்; பன்னாட்டு நூல் எண் முறையே 1970-இல் வந்ததுதான். இன்னொன்று, நூலின் உள்ளட்டையிலோ பின்புறத்திலோ மற்ற நூல்களின் பட்டியலும், மொத்தம் இத்தனை தலைப்புகள் உள்ளன என்ற எண்ணிக்கையும் இருக்கும். அந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனது. எங்களைப் போன்றவர்கள் அதை வைத்துத்தான் ஆண்டைக் கணிக்கிறோம்.

பீட்டர்–ஜேன் வரிசைக்கென்றே தனி அடையாளம் ஒன்றும் உண்டு. 1970-களில் படங்களைப் புதுப்பித்து, பிள்ளைகளின் உடைகளைக் காலத்துக்கு ஏற்ப மாற்றினார்கள். முந்திய பிரதிகளில் கவுன் போட்டிருந்த ஜேன், பிந்தியவற்றில் பல இடங்களில் ஜீன்ஸ் போட்டிருப்பாள். ஒரே பெட்டியில் இரண்டு ஜேன்களும் இருந்தால் அது பல காலத்துப் பிரதிகளைக் கலந்து சேர்த்த கட்டு. படிப்பதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை. 650 வெள்ளிக்குத்தான் குறை.

‘அரிய நூல்’ என்ற சொல்லுக்கு விற்பனைத் தளங்களில் பொருளே கிடையாது. நிலையைக் குறிக்கும் சொற்களுக்கு மட்டும் ஓரளவு கட்டுப்பாடு உண்டு, அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெளிநாட்டுப் பழம்புத்தக வணிகர்கள் ‘குட்’ என்று எழுதினால் அது நல்ல நூல் என்று நினைத்துவிடக் கூடாது. பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன, மற்றபடி நன்றாகவே அடிபட்ட நூல் என்று பொருள். ‘வெரி குட்’ என்பது அதற்கு மேல், ‘ஃபைன்’ என்பது அதற்கும் மேல். ‘எக்ஸ்-லைப்ரரி’ என்றால் முத்திரையும் அட்டைப் பையும் ஒட்டுத்தாளும் நிச்சயம் இருக்கும். மேலுறையோடு வெளிவந்த நூலுக்கு மேலுறை இல்லாவிட்டால் விலையில் பாதிக்கு மேல் போய்விடும். உள்ளூர் விற்பனையாளர்கள் இந்தச் சொற்களைக் கண்டபடி போடுகிறார்கள். எனவே சொல்லை விட்டுவிட்டு, முதுகு, நான்கு மூலைகள், தலைப்புப் பக்கத்தின் பின்புறம், நடுப்பக்கத் தையல் ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தை முழுமையாகக் காட்டச் சொல்ல வேண்டும். ‘முதற் பதிப்பு 1956’ என்ற வரி மட்டும் தெரியும்படி வெட்டிய படம் ஒன்று எனக்கு வந்தது. நூல் வந்து பார்த்தால் அதற்குக் கீழேயே ‘ஏழாம் பதிப்பு 1983’ என்றிருந்தது.

பணம் பற்றி: தளத்துக்கு வெளியே அனுப்பாதீர்கள். தளத்தின் வழியே கட்டினால், பொருள் வந்ததென்று நீங்கள் உறுதி செய்யும் வரையிலோ, அதற்கான கெடு முடியும் வரையிலோ பணம் அவர்களிடம் நிற்கும்; உங்கள் பாதுகாப்பே அந்த இடைவெளிதான். 50 வெள்ளி தள்ளுபடிக்காக அதை விட்டுக்கொடுப்பது கூரையைப் பிரித்து அடுப்பெரிப்பது போன்றது. யாருக்காவது நேரடியாக அனுப்பியே தீர வேண்டிய நிலை வந்தால், மோசடிப் புகாருக்கு உள்ளான கணக்குகளைத் தேடிப் பார்க்க உதவும் காவல் துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பாருங்கள். அதில் ஒன்றும் வராவிட்டால், இதுவரை புகார் பதிவாகவில்லை என்றுதான் பொருள். ஆள் நேர்மையானவர் என்று பொருளில்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்த நொடியே 997-ஐ அழைக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. காலம் கடந்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும். விற்றவர் வணிகமாகவே இதைச் செய்கிறவர் என்றால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்திலும் கோரிக்கை வைக்கலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வீட்டில் கிடந்த புத்தகத்தை ஒரு முறை விற்ற தனி ஆள்மீது அங்கே போக முடியாது. சென்ற ஆண்டு உங்களுக்கு ஒளிநகலை அனுப்பியவர் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. கடை நடத்துகிறவராக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

பொதி வந்ததும், உறையில் உள்ள முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, பிரித்து, ஒவ்வொரு நூலையும் புரட்டி முடியும் வரை கைப்பேசியில் காணொளி எடுத்துவிடுங்கள். என் மனைவி இதைக் கேலி செய்வாள். மூன்று முறை என் பணத்தைத் திருப்பித் தந்தது அந்தக் காணொளிதான்.

---

லயத்துவீட்டுக்காரி (சுங்கை சிப்புட்)

ஐயாவுக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே படங்களைக் கேட்டேன். முதல் நாள், “நம்பிக்கை இல்லாதவர்கள் வாங்க வேண்டாம்” என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்து அவரே அனுப்பிவைத்தார்.

லேடிபேர்டு நூல்களில் ஆறு ஏழில் மட்டும் 2/6 இருக்கிறது. மீதியில் புதிய பென்ஸ் விலை. ஒன்றில் ஜேன் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு நாயோடு ஓடுகிறாள். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்புலிமாமா விஷயத்தில்தான் உங்களிடம் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. எழுத்தெல்லாம் துதிக்கை ‘லை’தான், அதைப் பார்த்தவுடன் 1958 உண்மைதான் போலும் என்று ஒரு கணம் மகிழ்ந்துவிட்டேன். பிறகு போட்டிப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 1974 என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. பன்னிரண்டில் பத்து இதழ்கள் அந்த ஆண்டைச் சேர்ந்தவை, இரண்டு 1975. விற்பவரிடம் இதைச் சொன்னதும், தமக்கு ஒருவர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார் என்று எழுதி, விலையை 220 வெள்ளியாகக் குறைத்தார். தளத்தின் வழியாகவே பணம் கட்டவும் ஒப்புக்கொண்டார்.

நான் பிறந்தது 1968. அப்பா எனக்கு வேதாளக் கதையைப் படித்துக் காட்டி, பிறகு என்னையே எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தது ஆறு வயதில். 1958 என்று அவர் சொன்னபோது இருந்ததைவிட இப்போது ஆசை அதிகமாகிவிட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த 220 வெள்ளி நியாயமா, அல்லது என் ஆசையைக் கண்டுகொண்டு கேட்கிறாரா? தையலுக்குப் பக்கத்தில் துருக்கறையும், சில பக்கங்களில் பழுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன.

---

ஓய்வுபெற்ற வாத்தியார் (பகாவ்)

அம்மா, தங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரவெல்லாம் என் பழைய பள்ளிக்கூடத்து அலமாரியையே நினைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றியவன் நான்.

விலையைப் பொறுத்தவரை, அட்டையில்லாத, ஓரம் வெட்டிய, இரண்டாண்டு கலந்த தொகுப்புக்குச் சேகரிப்பாளர் எவரும் 220 கொடுக்க மாட்டார். ஓர் இதழுக்குப் பத்துப் பன்னிரண்டு வெள்ளி என்று கணக்கிட்டு 130 கேட்டுப் பாருங்கள். 150-க்கு முடியும் என்று நினைக்கிறேன். ஆனால் தாங்கள் சேகரிப்பாளர் அல்லர். இன்னொரு 1974 தொகுப்பு எப்போது கண்ணில் படும் என்று எவரும் சொல்ல முடியாது. இந்த நாட்டில் இவை நிலைத்து நிற்காமல் போனதற்குக் காரணம் ஈரக் காற்று மட்டுமன்று. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், இந்நாட்டு இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தொழிலாளர்களே தோட்டம் வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்குவதற்குக் காரணமாயிருந்த அந்தக் காலத்தில், வேலை போன குடும்பங்கள் சட்டி பானையோடு வேறு தோட்டம் தேடிப் போயின. புத்தகக் கட்டை யார் சுமப்பார்கள்? பின்னர் லயங்கள் இடிந்தபோது மீதியும் போயிற்று. ஆகவே இங்கே கிடைக்கும் பழைய பிரதிகளில் தோட்டத்துப் படிப்பகத்தின் முத்திரையோ, கிராணியின் (தோட்டத்து எழுத்தரின்) கையெழுத்தோ, பிள்ளையின் பெயரோ இருந்தால் அதைக் குறையாக எண்ணி விலையைக் குறைக்கும் வணிகர்களை நான் மதிப்பதில்லை. அந்த முத்திரை இருந்தால் நான் கூடுதலாகவே கொடுப்பேன்.

பைண்டு செய்கிறவர்கள் அட்டையையும் விளம்பரத்தையும் வெட்டி எறிந்தது பெரும் இழப்பு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், துண்டறிக்கை வரைக்கும் ஒன்றையும் எறியாமல் சேர்த்துவைத்தார். அவர் 1992-இல் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தைப் பெற்றுத் துணைநிற்க, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று ஆராய்ச்சியாளர்கள் அங்கே தேடிப் போவது கதையை மட்டுமன்று, இப்படி எறியப்படும் பக்கங்களையும்தான். ஆகவே தங்களுக்கு வரும் தொகுப்பில் கிழிந்த தாள் துண்டு ஒன்று கிடந்தாலும் அதை ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

இனித் தேடும்போது சோவியத் நாட்டுச் சிறுவர் நூல்களும் கண்ணில் படும் என்பதால் ஓர் எச்சரிக்கை. மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்களில் ‘ராதுகா பதிப்பகம்’ என்று போட்டிருந்தால் அது 1982-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்தப் பதிப்பகமே அந்த ஆண்டில்தான் முன்னேற்றப் பதிப்பகத்திலிருந்து பிரிந்தது. ‘1970-களின் ராதுகா’ என்று சென்ற மாதம்கூட ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். முத்து காமிக்ஸ் 1972-இலும் லயன் காமிக்ஸ் 1984-இலும் சிவகாசியிலிருந்து தொடங்கின. இரண்டிலும் மறுபதிப்புகள் பல உண்டு. ஆகவே தலைப்பை மட்டும் பார்த்து ஏமாறாமல் இதழ் எண்ணையும் விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

இனிப் பாதுகாப்பு. பொதி வந்ததும் அலமாரியில் இருக்கும் மற்ற நூல்களோடு சேர்த்துவிடாதீர்கள். இராமபாணப் பூச்சியின் முட்டை உள்ளே இருந்தால் ஒரே மழைக்காலத்தில் அலமாரி முழுவதும் பரவிவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரிக்கக் கூடாது; முழுவதும் அறையின் வெப்பத்துக்கு வரும் வரை ஒரு நாள் அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் தாள்மீது வியர்த்துவிடும். பழுப்புப் புள்ளிகளை அழிக்க முயல வேண்டாம். பூஞ்சணம் பொடியாகப் படிந்திருந்தால், வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். வெயிலில் காயப்போடும் நம் பழக்கம் தாளை மொறுமொறுப்பாக்கிவிடும். நிழலில் மின்விசிறிக் காற்றே போதும். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டவே கூடாது, லேமினேட் செய்வதையும் நினைக்காதீர்கள். பசை பழுத்துத் தாளைத் தின்றுவிடும். என் பள்ளியில் ஆர்வத்தோடு நானே ஒட்டிய செல்லோடேப்பால் பாழான நூல்கள் ஒரு தட்டு இருந்தன. சுவரை ஒட்டாமல் அலமாரியை ஒரு சாண் தள்ளி வைத்து, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு, மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்துப் புரட்டுங்கள். யாரும் புரட்டாத கட்டைத்தான் கரையான் முதலில் தேடி வரும்.

---

லயத்துவீட்டுக்காரி (சுங்கை சிப்புட்)

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். 130 கேட்டேன், 160-க்கு முடிந்தது. தளத்தின் வழியாகவே கட்டினேன். நேற்று பொதி வந்தது, காணொளியும் எடுத்தேன். பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன, நகல் அன்று. விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்துவிட்டேன். இப்போது தொகுப்பு மீன் பெட்டிக்குப் பக்கத்தில் ஐஸ்பெட்டியில் இருக்கிறது. ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: பைண்டு தையலுக்குள்ளேயே ஒவ்வொரு இதழிலும் பழைய கம்பி ஊசிகள் துருப்பிடித்து நிற்கின்றன. அவற்றை எடுக்கலாமா?

---

ஈயஎழுத்து (ஈப்போ)

எடுத்துத்தான் ஆக வேண்டும், தங்கச்சி. ஈரம் பட்டால் துரு வளர்ந்து சுற்றியுள்ள தாளை அரித்துவிடும். ஆனால் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து ஒரு வாரமாவது உலர்ந்தபின் செய்யுங்கள். முதலில் பைண்டு நூலை அறுத்து இதழ்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள். பிறகு இதழை நடுப்பக்கத்தில் விரித்து வைத்து, மடங்கியிருக்கும் கம்பியின் இரு கால்களையும் மொட்டையான வெண்ணெய்க் கத்தியால் மெல்ல நிமிர்த்துங்கள். நிமிர்ந்த கால்களை உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். முதுகுப் பக்கத்திலிருந்து பிடித்து இழுத்தால் தாளும் சேர்ந்து வந்துவிடும். கம்பி கையில் பொடிந்தால் துண்டு துண்டாகவே எடுங்கள், அவசரம் வேண்டாம். துருப்பொடியைத் தூரிகையால் தட்டிவிட்டு, புதிதாகத் துளை போடாமல் அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, உட்பக்கத்தில் முடிச்சிடுங்கள். முடிச்சை இறுக்க வேண்டாம். பழைய தாளில் நூலை இழுத்துக் கட்டினால் கம்பி செய்யாத வேலையை நூல் செய்துவிடும்.